கலியாணத்துக்கு முன்னால் ஒரு வீடு

நல்லூரில் ஒரு பெண்பிள்ளை பிறந்தால் தகப்பன் வீட்டைப் பற்றி யோசிக்கத் தொடங்கிவிடுவார். காணி எவடத்தில், கல் எப்போது அரிவது, அத்திவாரத்தை இந்த மாரிக்கு முன் போடலாமா என்று அந்த யோசனை பல வருடம் நீளும். ஒரு வருடம் சுவர் எழும்பும். அடுத்த வருடம் காசு முட்டுப்பட்டு வேலை அப்படியே நிற்கும். கடைசியில் ஓடு போட்டு, உறுதி முடித்து, சீதனமாக அவள் பெயருக்கு எழுதுவார்கள். வீடு எங்கள் ஊரில் பெண்ணின் சொத்து என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வோம். அது உண்மை. ஆனால் அந்த வீட்டுத் திறப்பு கலியாணத்தோடுதான் அவள் கைக்கு வரும். ஒல்லாந்தர் 1707இல் எழுத்தில் கொண்டுவந்த தேசவழமைச் சட்டம் இன்றும் எங்கள் சொத்துகளை ஆள்கிறது. அதன்படி, மணமான பெண் தன் சீதன வீட்டை விற்பதானாலும் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். கலியாணத்துக்கு முன் தகப்பன் வீடு, பின் புருஷனோடு சீதன வீடு. இரண்டுக்கும் நடுவில் ஒரு பெண் தன் சம்பளத்தில் தனக்கென்று கதவு திறந்து வாழ்ந்த கதை என் சிறுவயதில் எங்கள் ஒழுங்கையில் ஒன்றுகூட இல்லை.

எனக்கு அந்தக் கதவு வெள்ளவத்தையில் திறந்தது.

2002 பெப்ரவரி 22ஆம் திகதி போர்நிறுத்த உடன்படிக்கை கையெழுத்தானது. ஏப்ரலில் ஏ9 வீதியைத் திறந்தார்கள். அந்த வருடம் நல்லூர்த் தேர் பார்த்த கையோடு கொழும்புக்கு பஸ் ஏறினேன். கணக்காய்வு நிறுவனம் ஒன்றில் பயிலுநர் வேலை. முதலில் பம்பலப்பிட்டியில் ஒரு போர்டிங். ஒரு வீட்டின் பின் அறையில் நாலு கட்டில், நாலு பெண்கள். பின்னேரம் ஏழு மணிக்குக் கேற்றைப் பூட்டிவிடுவார்கள். வருடக் கணக்கு முடிக்கும் காலத்தில் ஏழு மணிக்குத்தான் எங்கள் அலுவலகத்தில் உண்மையான வேலையே தொடங்கும். பிந்தி வந்தால் வீட்டுக்கார அன்ரி என்னிடம் ஒன்றும் சொல்லமாட்டா. நல்லூருக்கு ரெலிபோன் எடுத்து அம்மாவிடம் சொல்லுவா. அம்மா இரவு முழுக்க நித்திரை கொள்ளாமல் காலையில் என்னிடம் அழுவா. சமைக்க அனுமதி இல்லை. சிநேகிதி ஒருத்தி வந்தால் படலைக்கு வெளியே நின்றுதான் கதைக்க வேண்டும். சம்பளம் எடுத்து வீட்டுக்குக் காசு அனுப்பும் பெண்களை அந்த வீடு பள்ளிக்கூடப் பிள்ளைகளாகவே வைத்திருந்தது.

போர்டிங்கில் சந்தித்த இருவரும் நானும் சேர்ந்து ஒரு பிளற் எடுப்போம் என்று முடிவெடுத்தோம். ஒருத்தி வடமராட்சி, வங்கியில் வேலை. மற்றவள் திருகோணமலை, கணினி மென்பொருள் நிறுவனத்தில் இருந்தாள். தரகர் காட்டிய வீடுகளில் பாதியில், "கலியாணம் கட்டாத பெட்டையளோ? இல்லைப் பிள்ளை, நாங்கள் குடும்பமாய்த்தான் பாக்கிறம்" என்று வாசலிலேயே பதில் முடிந்தது. சில வீடுகளில் உள்ளே கூப்பிட்டு ரீ தந்து விசாரித்தார்கள்.

"ஊர் எவடம் பிள்ளை?"

"நல்லூர்."

"நல்லூரில எவடம்?"

அந்த இரண்டாவது கேள்வி என்ன கேட்கிறது என்று யாழ்ப்பாணத்தார் எல்லோருக்கும் தெரியும். கோயில், வீதி, ஒழுங்கை என்று இடம் கேட்டுச் சாதியைக் கண்டுபிடிக்கும் கேள்வி அது. என் பதிலில் கேட்டவரின் முகம் தெளிந்தது. வடமராட்சிக்காரியிடம் இன்னும் இரண்டு கேள்வி கூடுதலாகக் கேட்டார்கள். ரீக் கோப்பையைத் தொடாமல் அவள் எழும்பினாள். நாங்களும் எழும்பினோம்.

கடைசியில் கிடைத்தது, காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கை ஒன்றில், ஐந்தாம் மாடியில் ஒரு வீடு. மூன்று அறை. ஒன்று பூட்டியிருந்தது. அதற்குள் வீட்டுக்காரரின் பொருட்கள். அவர்கள் லண்டனில். மகளுக்குச் சீதனமாக வாங்கிய பிளற் அது. சோபா கதிரைகளிலிருந்து பொலித்தீன் உறையைக்கூடக் கழற்றியிருக்கவில்லை. அந்த மகளுக்கு எங்கள் வயது. அவளுக்குக் கலியாணம் பொருந்தினால் நாங்கள் எழும்ப வேண்டும் என்பது ஒப்பந்தத்தில் எழுதப்படாவிட்டாலும் எல்லோருக்கும் விளங்கியிருந்தது. முகம் தெரியாத ஒருத்தியின் கலியாணத்தை நம்பி எங்கள் குடியிருப்பு இருந்தது. அவளும் லண்டனில் தனியாக ஒரு பிளற்றில் இருந்து வேலைக்குப் போகிறாள் என்று பிறகு தெரியவந்தது.

வெள்ளவத்தை ஏன் இப்படித் தொடர்மாடிகளால் நிறைந்தது என்பதற்குப் பின்னால் எங்கள் எல்லோரின் கதையும் இருக்கிறது. 1983 யூலையில் அங்கே தமிழர் வீடுகள் எரிந்தன. எரிந்த இடத்துக்கே ஆட்கள் திரும்பி வந்தார்கள். 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமம் ஒரே இரவில் வெறுமையானபோது நல்லூரும் எழும்பி நடந்தது. அந்த இடப்பெயர்வுக்குப் பின் இன்னும் பலர் கொழும்பு வந்து சேர்ந்தார்கள். லண்டனிலும் ரொறன்ரோவிலும் இரண்டு வேலை செய்து உழைத்த காசு, ஊரில் வீடு கட்ட முடியாத காலத்தில், இங்கே வந்து சீமெந்தானது. முற்றமும் மாமரமும் இருந்த பழைய வீடுகளை இடித்து அந்தக் காணிகளில் ஐந்து மாடி, ஆறு மாடி எழுப்பினார்கள். நல்லூரில் எழும்ப வேண்டிய சீதன வீடு வெள்ளவத்தையில் எழும்பியது. கலியாணம் வரும்வரை சும்மா கிடந்த அந்த வீடுகளில்தான் எங்களைப் போன்ற கலியாணமாகாதவர்கள் குடியிருந்தோம்.

எங்களுக்கு முந்தியும் கொழும்பில் தனியாட்கள் வாழ்ந்திருக்கிறார்கள். என் பெரியப்பா ஐம்பதுகளில் அரசாங்கக் கிளாக்கர். அவரும் ஊர்ப் பெடியள் ஆறேழு பேரும் ஒரு வீட்டைச் சேர்ந்து வாடகைக்கு எடுத்து, சமையலுக்கு ஒருவரை வைத்து வாழ்ந்தார்கள். சமறி என்று சொல்லுவார்கள். 1956இல் யாழ்தேவி ஓடத் தொடங்கிய பிறகு, நீண்ட விடுமுறை வந்தால் அதில் ஏறி வருவார். சீட்டாடியது, படம் பார்த்தது, பரிசாரகன் கோபித்துக்கொண்டு போனபோது பருப்பைக் கருக்கியது எல்லாவற்றையும் எங்கள் விறாந்தையில் இருந்து சத்தமாகச் சொல்லிச் சிரிப்பார். வீடே கேட்டுச் சிரிக்கும். மாதாமாதம் அவர்கள் அனுப்பிய மணியோடரில் யாழ்ப்பாணம் பாதி வாழ்ந்தது. அந்தச் சமறி வாழ்க்கையை யாரும் ஒழுக்கத்தோடு சேர்த்துப் பேசவில்லை. ஆம்பிளைப்பிள்ளை உத்தியோகம் பார்க்கும் காலம் என்று அதற்கு ஒரு மரியாதை இருந்தது. அதே பெரியப்பா நான் பிளற் எடுத்த செய்தி கேட்டு அப்பாவிடம், "பெட்டையைத் தனிய விட்டிட்டாய்" என்றார். மூன்று பேர் இருக்கிறோம் என்று அப்பா சொன்னது அவர் காதில் ஏறவில்லை.

அந்த வீட்டு வாழ்க்கையில் நான் அதிகம் நினைப்பது குசினியை. முதல் மாதம் மூன்று பேரும் பாணும் சம்பலும் ரின் மீனும்தான். பிறகு வேலையைப் பிரித்துக்கொண்டோம். வங்கிக்காரி விடிய எழும்பிப் புட்டு அவிப்பாள். நான் கறி. திருகோணமலைக்காரி பாத்திரம் கழுவி, காஸ் சிலிண்டர் முடிகிறதா என்று பார்த்து, கறண்ட் பில், தண்ணிப் பில், கட்டடப் பராமரிப்புக் காசு எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் எழுதி மாதக் கடைசியில் மூன்றாகப் பிரிப்பாள். அம்மா வறுத்து இடித்த மிளகாய்த்தூள், ஒடியல் மா, பனங்கட்டி எல்லாம் யாழ்ப்பாண பஸ்ஸில் பெட்டியாக வரும். சம்பளத்தில் மீதம் பிடித்து மூன்று பேரும் சேர்ந்து ஒரு பிறிட்ஜ் வாங்கினோம். அதை லிப்றில் ஏற்ற முடியாமல் மேல்மாடிப் பெடியள் நாலு பேர் படியால் தூக்கிவந்து வைத்தார்கள். யாருடைய சீதனமும் இல்லாமல், யாருடைய பரிசும் இல்லாமல், எங்கள் உழைப்பில் வந்த முதல் வீட்டுப் பொருள் அது.

அந்தக் குசினியில் ஒரே பானையில் மூன்று பேரும் சாப்பிட்டோம். இதைச் சாதாரண விஷயமாகச் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனம் இல்லை. எங்கள் ஊரில் யார் எந்தக் கிணற்றில் அள்ளலாம் என்பதற்காக மனிதர்கள் அடிபட்டிருக்கிறார்கள். கிணற்றில் அள்ளும் உரிமைக்காகத் தலைமுறைகள் போராடியிருக்கின்றன. தொடர்மாடியில் கிணறு இல்லை. கூரையில் ஒரு தாங்கி, அதிலிருந்து எல்லா வீட்டுக்கும் ஒரே தண்ணீர். அம்மா முதல்முறை வந்து தங்கியபோது இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, மற்றவர்கள் வேலைக்குப் போன நேரம் என்னிடம் கேட்டா: "இந்தப் பிள்ளை எவடத்துப் பிள்ளை? அவளோ புட்டு அவிக்கிறது?" ஓம் என்றேன். அம்மா அதற்குமேல் பேசவில்லை. அடுத்த நாள் காலை அந்தப் புட்டைச் சாப்பிட்டா. மாவை இன்னும் கொஞ்சம் வறுத்தால் நல்லாயிருக்கும் என்று அவளிடமே சொன்னா. நல்லூர் வீட்டில் அம்மா அந்த இடத்துக்கு வந்திருக்கமாட்டா என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். பக்கத்து வீட்டுக் கண்கள் இல்லாத ஐந்தாம் மாடியில் அது முடிந்தது.

சனிக்கிழமை பின்னேரங்களில் 57ஆவது ஒழுங்கையில் உள்ள கொழும்புத் தமிழ்ச் சங்கத்துக்குப் போவோம். 1942இல் தொடங்கிய சங்கம். அங்கே நூலகம் இருந்தது, கூட்டம் இருந்தது, இலவசமாகக் காற்று வாங்க மண்டபம் இருந்தது. இல்லாவிட்டால் காலி வீதியில் பூபாலசிங்கம் புத்தகசாலை. மாதம் ஒரு முறை சவோயில் படம். மற்ற நாட்களில் ரயில் பாதையைக் கடந்து கற்களில் இருந்து கடலைப் பார்ப்போம். ஒன்பது மணிக்கு வீடு திரும்பினாலும் கதவைத் தட்டி யாரும் கேட்கவில்லை. இதில் என்ன பெரிய சுதந்திரம் என்று ஆண்கள் கேட்கலாம். எங்களுக்கு அது பெரியதுதான். நேரத்தைத் தானே தீர்மானிக்கிற பெண் காசையும் தானே தீர்மானிக்கத் தொடங்குவாள், பிறகு யாரைக் கட்டுவது, கட்டாமல் விடுவது என்பதையும். எங்கள் மூவரில் அதுதான் நடந்தது. திருகோணமலைக்காரி வந்த சம்பந்தம் மூன்றை வேண்டாமென்று, நாலாவதாகத் தானே ஒருவரைச் சொன்னாள். வங்கிக்காரி தம்பிமாரைப் படிப்பித்து முடித்த பிறகே கட்டினாள். நான் கட்டவில்லை.

மேல்மாடிப் பெடியள் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் வித்தியாசம் இருந்தது. அவர்கள் சத்தமாகக் கிரிக்கெட் பார்ப்பார்கள். நள்ளிரவில் கொத்து ரொட்டி வாங்கி வருவார்கள். காவலாளிகூட ஒன்றும் கேட்கமாட்டார். எங்கள் வீட்டுக்கு எங்களில் ஒருத்தியின் ஒன்றுவிட்ட தம்பி வந்துபோனால் கீழ்மாடி அன்ரி மறுநாள் லிப்றில் வைத்து, "ஆர் பிள்ளை வந்தது?" என்று கேட்பா. ஆனால் பெடியளும் அங்கே மாறினார்கள் என்பதைச் சொல்ல வேண்டும். ஊரில் சாப்பிட்ட கோப்பையைக்கூட எடுத்து வைக்காதவர்கள் மீன் வெட்டப் பழகினார்கள். ஒருவன் காய்ச்சலில் கிடந்தால் மற்றவன் லீவு போட்டுக் கஞ்சி வைத்தான். ஊர் சொல்லித்தராத வேலையை அந்தப் பிளற் சொல்லித்தந்தது.

2006 ஓகஸ்ட் 11ஆம் திகதி முகமாலையில் சண்டை தொடங்கி ஏ9 மூடப்பட்டது. அம்மாவின் பெட்டி நின்றது. குடாநாட்டில் சாமானுக்கு வரிசை, ரெலிபோன் அடிக்கடி அறுந்துபோகும். ஊருக்குப் போவதற்கு விமானம் அல்லது கப்பல், அதற்குப் பாதுகாப்பு அமைச்சின் அனுமதி. அந்தக் காலத்தில் ஒரு நாள் விடிய வங்கிக்காரியின் தகப்பன் செத்துப்போன செய்தி வந்தது. அவள் அனுமதிக்கு ஓடினாள், விமானத்தில் இடம் தேடினாள். எதுவும் அந்த நாளுக்குள் நடக்கவில்லை. அங்கே உடலை எடுக்கும் நேரம் என்று சொல்லப்பட்ட நேரத்தில், இங்கே ஐந்தாம் மாடியில் அவள் தகப்பனின் படத்துக்கு முன் விளக்கேற்றி வைத்துவிட்டு நாங்கள் அவளைப் பிடித்துக்கொண்டிருந்தோம். கீழ்மாடி அன்ரி வந்து தலையை மடியில் வைத்துக்கொண்டா. அன்று எங்கள் குசினியில் அடுப்பு மூட்டவில்லை. செத்த வீட்டில் அடுப்பு எரியாது, அயல்தான் சோறு கொண்டுவரும். மத்தியானம் மேல்மாடிப் பெடியள் இடியப்பமும் சொதியும் தாங்களே செய்து மூடிய சட்டிகளில் கொண்டுவந்தார்கள். இடியப்பம் கட்டியாய் இருந்தது. அவள் இரண்டு சாப்பிட்டாள். கலியாணமாகாத ஆட்கள் தங்கியிருக்கும் இடம் வீடாகாது என்று எனக்குச் சொல்பவர்களுக்கு நான் அந்த மத்தியானத்தைச் சொல்வேன்.

வீட்டிலுள்ளோர் விபரத்தைப் பொலிசில் பதிய வேண்டியிருந்ததும் அந்தக் காலம்தான். படிவத்தில் பிரதான குடியிருப்பாளர் யார், அவருக்கு மற்றவர்கள் என்ன உறவு என்று கேட்டிருந்தது. மூன்று பெண்கள், மூன்று ஊர். யார் பிரதானம்? வயதில் மூத்தவள் என்று வங்கிக்காரியின் பெயரைப் போட்டோம். உறவுக்கு நேரே 'சிநேகிதி' என்று எழுதினோம். பொலிஸ்காரர் அதை வெட்டிவிட்டு 'ஒன்றுவிட்ட சகோதரி' என்று எழுதச் சொன்னார். கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. அப்படி எழுதினால் கேள்வி குறையும் என்று உதவியாகவே சொன்னார். எழுதினோம்.

2007 யூன் 7ஆம் திகதி விடியற்காலை, கொழும்பு லொட்ஜுகளில் தங்கியிருந்த 376 தமிழர்களைப் பொலிஸார் பஸ்களில் ஏற்றி நகரத்தைவிட்டு அனுப்பினார்கள். வெள்ளவத்தையிலும் பஸ்கள் நின்றன. விசாவுக்குக் காத்திருந்தவர்கள், மருந்தெடுக்க வந்தவர்கள், வேலை தேடியவர்கள். தக்க காரணமில்லாமல் கொழும்பில் தங்கியிருக்கிறார்கள் என்று காரணம் சொல்லப்பட்டது. மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் வழக்குப் போட்டு, மறுநாளே உயர் நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. பிரதமர் ரத்னசிறி விக்கிரமநாயக்க பிறகு மன்னிப்பும் கேட்டார். எங்களிடம் வாடகை ஒப்பந்தம் இருந்ததால் நாங்கள் தப்பினோம். அந்த வாரம் முழுக்க ஒப்பந்தத்தின் பிரதியைக் கைப்பையில் வைத்துக்கொண்டுதான் வேலைக்குப் போனேன். ஏன் இங்கே தனியாக இருக்கிறாய், காரணம் சொல் என்று அரசு கேட்டது. துவக்கில்லாமல், பாசத்தோடு, அதே கேள்வியை எங்கள் சொந்தக்காரரும் அத்தனை வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். இரண்டு கேள்வியும் ஒரே அளவு கொடியது என்று சொல்லமாட்டேன். ஒன்று மனிதரை விடியற்காலையில் தெருவில் இறக்கியது. ஆனால் ஒரு ஆள் ஒரு இடத்தில் வாழ்வதற்கு வாடகை கட்டுவதும் உழைப்பதும் போதாது, வேறொரு காரணமும் வேண்டும் என்ற எண்ணம் இரண்டிலும் இருந்தது.

2014 ஒக்ரோபரில் யாழ்தேவி மறுபடி யாழ்ப்பாணம்வரை வந்தது. அடுத்த வருடம் நானும் நல்லூருக்குத் திரும்பினேன். அப்பா இல்லை, அம்மாவுக்கு ஆள் வேண்டும். எனக்கென்று பாதி கட்டி நின்ற வீட்டை என் சேமிப்பில் முடித்தேன். சீதன உறுதி இல்லை, நன்கொடை உறுதி.

இப்போது நல்லூரைச் சுற்றிப் பார்க்கிறேன். பிள்ளைகள் வெளிநாட்டில், கீழே வயோதிபப் பெற்றோர், மேல்மாடி பூட்டு. அப்படி எத்தனை வீடு! இன்னொரு பக்கம், திருநெல்வேலியில் பல்கலைக்கழகம், நகரத்தில் போதனா வைத்தியசாலை, வங்கிகள், கணினி நிறுவனங்கள். முல்லைத்தீவு, மட்டக்களப்பு, மலையகம் என்று எங்கிருந்தெல்லாமோ வேலைக்கு வந்த இளம் பெண்களும் பெடியளும் அறை தேடி அலைகிறார்கள். எங்கள் வீட்டு மேல்தளத்தில் இப்போது இருப்பது மருத்துவத் தாதி ஒருத்தியும் விரிவுரையாளர் ஒருத்தியும். இங்கே வருவதற்கு முன் அவர்களில் ஒருத்தி இருந்த வீட்டில், ஆவணித் திருவிழா வந்ததும், "வெளிநாட்டிலயிருந்து ஆக்கள் வருகினம், இருபத்தைஞ்சு நாளைக்கு வேற எங்கையும் நில்லுங்கோ" என்று கட்டிலோடு எழுப்பியிருக்கிறார்கள். இரவுக் கடமை முடிந்து வரும் தாதிக்கு ஆறு மணிக் கேற் சட்டம் போட்டிருக்கிறார்கள். மலையகத்திலிருந்து அறை தேடி வந்த ஒரு பிள்ளைக்கு வாசலில் கிடைத்தது, நான் வெள்ளவத்தையில் கேட்ட அதே இரண்டாவது கேள்வி.

கேட்பவர்கள் கொடியவர்கள் இல்லை, அதுதான் என்னை வருத்துகிறது. அவர்களின் சொந்த மகள் ரொறன்ரோவில் இருபதாம் மாடியில் தனியாக இருக்கிறாள். "தனிய நிண்டு தன்ரை காலில நிக்கிறாள்" என்று கோயில் வீதியில் என்னிடம் கண் கலங்கச் சொல்வார்கள். அந்த மகளுக்கு முகம் தெரியாத யாரோ ஒருவர் கதவு திறந்து வாடகைக்கு விட்டிருக்கிறார், ஊரில் எவடம் என்று கேட்காமல்.

நல்லூரில் மேல்மாடி பூட்டிவைத்திருக்கும் அண்ணைமாரே, அக்காமாரே, அதைத் திறவுங்கள். வருபவரிடம் என்ன வேலை, வாடகையை எந்தத் திகதியில் தருவாய் என்று கேளுங்கள். எழுத்தில் ஒரு ஒப்பந்தம் செய்து ஒரு பிரதியை அவர் கையில் கொடுங்கள். கேற் திறப்பில் ஒன்றையும் கொடுங்கள். திருவிழாவுக்கு எழுப்பாதீர்கள். வேறு எதையும் கேட்க வேண்டாம்.